நிழலும் பொழுதும்: கிளைவியா வளர்ப்பைப் பற்றி ஒரு கட்டுரை

செடி வளர்க்கத் தொடங்குவோர் முதற்கண் கேட்கும் வினா, "வெயில் விழும் இடம் எது?" என்பதே. வெயில் விழாத இடத்தைப் பயனற்றதென ஒதுக்கிவிடுதல் பெருவழக்கு. மாமரத்தின் அடியும், வடக்கு நோக்கிய தாழ்வாரமும், மதிற்சுவரின் மறைவும் பல வீடுகளில் உடைந்த தொட்டிகளும் பழைய ஓடுகளும் கிடக்கும் மூலைகளாகவே இருக்கின்றன. ஆயினும், நிழலையே தாய்நிலமாகக் கொண்டு, வெயில் பட்டால் கருகி, நிழலில் வைத்தால் ஆண்டுதோறும் கைகொள்ளாத பூங்கொத்து ஈனும் செடிகளும் உலகில் உள. அவற்றுள் ஒன்றாகிய கிளைவியாவைப் பற்றி ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

தாவர நூல் பயிலும் மாணவர் எழுதவேண்டிய பொருளைத் தமிழ் பயில்வோன் எழுதப் புகுந்தது என்னையெனின், அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, இச்செடியை யான் வளர்த்தேன், வளர்த்ததில் தவறினேன், அத்தவற்றினின்றும் கற்றேன். மற்றொன்று, தவற்றின் காரணத்தை எனக்கு விளக்கியது தோட்டக்கலை நூல் மட்டுமன்று; எம் வகுப்பிற் பயிலும் பொருளிலக்கணமும் அதற்குத் துணை நின்றது. நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையும் முதற்பொருள் என்பர் தொல்காப்பியர். மரமும் பூவும் புள்ளும் விலங்கும் கருப்பொருள் எனப்படும். நிலமும் பொழுதும் முதலில் அமைய, ஏனையவை அவற்றின்கண் தோன்றும் என்பது அவ்வைப்பு முறையாலேயே விளங்கும். இதனைச் செய்யுளுக்குரிய இலக்கணமாக மட்டுமே யான் படித்திருந்தேன். ஒரு தொட்டிச் செடி அதனை உலகியலின் இலக்கணமாகவும் எனக்குக் காட்டிற்று.

செடி வந்த வரலாறு

என் பெரியம்மா கொடைக்கானலில் முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டின் பின்புறத்தில், மரநிழலில், கிளைவியாச் செடிகள் ஒரு வரிசையாக நிற்கும். யான் கல்லூரியிற் சேர்வதற்கு முந்திய கோடை விடுமுறையில் அவரிடம் சென்றிருந்தேன். விடைபெறும் நாளில் அவர் ஒரு பக்கக்கன்றைத் தாய்ச்செடியினின்றும் பிரித்து, சிறு மண்தொட்டியில் நட்டு என் கையிற் கொடுத்தார். "பூத்தால் எனக்கு ஒரு கடிதம் போடு, தம்பி" என்பதே அவர் சொன்னது. அது சிறு வேண்டுகோள். ஆயினும், இரண்டு ஆண்டுகள் அந்த ஒரு கடிதத்தை எழுத இயலாதவனாக யான் இருந்தேன்.

செடியின் இயல்பு

கிளைவியா தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளுக்கு உரியது, பல்லாண்டு வாழ்வது, ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது. அமரில்லிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அக்குடும்பத்துச் செடிகள் பலவற்றிற்கு உள்ளது போன்ற வெங்காய வடிவக் கிழங்கு இதற்கு இல்லை. அதற்கு மாறாகச் சதைப்பற்றுள்ள தடித்த வேர்கள் உண்டு. இவ்வேர்கள் நீரைத் தம்முள் சேர்த்துவைத்து, மழையற்ற நாட்களிற் செடியைக் காக்கின்றன. வேரின் இவ்வியல்பை மறவாதவர்க்கு இச்செடி வளர்ப்பின் பாதி விளங்கிவிடும்.

இலைகள் வார்போல நீண்டு, கரும்பச்சை நிறத்தனவாய், இரு பக்கமும் விசிறிபோல் அடுக்கி நிற்கும். நன்கு வளர்ந்த செடியில் அவை ஒன்றரை முதல் இரண்டு அடி நீளம் இருக்கும். இலைகளின் நடுவிலிருந்து தட்டையான தண்டு ஒன்று எழுந்து, அதன் முடியிற் பத்து முதல் இருபது பூக்கள் வரை ஒரே கொத்தாக விரியும். பூவின் நிறம் செம்மஞ்சள். உட்புறம் மஞ்சள் ஒளி வீசும். தென்னாப்பிரிக்காவில் ஆகஸ்டு முதல் நவம்பர் வரையும், நிலநடுக்கோட்டிற்கு வடக்கேயுள்ள நாடுகளிற் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும் பூக்கும். இரு பகுதியினர்க்கும் அஃது இளவேனிற் காலமே என்பது கருதத்தக்கது. திங்களின் பெயர் மாறினும் பொழுது மாறவில்லை.

இந்நாள் வரை இவ்வினத்தில் ஆறு வகைகள் பெயரிடப்பட்டுள்ளன. நோபிலிஸ், மினியாட்டா, கார்டனி, காலெசென்ஸ், மிராபிலிஸ், ரோபஸ்டா என்பன அவை. தோட்டங்களிற் பெருவழக்காக வளர்க்கப்படுவது மினியாட்டா ஒன்றே. ஏனையவற்றின் பூக்கள் குழல்போல் நீண்டு கீழ்நோக்கித் தொங்குவன; அவற்றிற்குத் தேன்சிட்டு இனத்துப் பறவைகள் மகரந்தம் சேர்க்கின்றன. மினியாட்டாவின் பூவோ அகன்ற வாயுடன் மேல்நோக்கி விரிவது. அதற்குப் பட்டாம்பூச்சிகளே துணை என ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். மினியாட்டாவிலேயே மஞ்சள் பூக்கும் செடியும் உண்டு. அது 1888-ஆம் ஆண்டில் சூலு நாட்டின் எஷோவே பகுதிக் காட்டிற் கண்டெடுக்கப்பட்டது. செந்நிறப் பொருள் அச்செடியில் உண்டாகாமையே மஞ்சள் நிறத்திற்குக் காரணம்.

பெயரின் வரலாறு

இச்செடியின் பெயர் நம் சென்னையோடு தொடர்புடையது என்பதைப் பலர் அறியார். 1815-ஆம் ஆண்டில் வில்லியம் பர்ச்செல் என்பார் தென்னாப்பிரிக்காவில் நோபிலிஸ் வகையைக் கண்டு தொகுத்தார். பின்னர், இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்காகச் செடி தேடிச் சென்ற ஜேம்ஸ் போவி என்பார் உயிர்ச்செடிகளை அந்நாட்டிற்கு அனுப்பினார். இலண்டனுக்கு அருகே நார்தம்பர்லாந்துக் கோமகனுக்குரிய சையன் மாளிகைத் தோட்டத்தில் அச்செடி பூத்தது. 1828-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜான் லிண்ட்லி என்னும் தாவர நூலறிஞர், அக்கோமகனின் மனைவியாராகிய சார்லட் புளோரன்ஷியா அம்மையாரின் பிறந்த குடிப்பெயரைக் கொண்டு கிளைவியா எனப் பெயரிட்டார். வில்லியம் ஹூக்கர் என்னும் மற்றோர் அறிஞர் அதே நாளில் அச்செடிக்கு வேறு பெயர் சூட்டி வெளியிட்டார். ஆயினும் லிண்ட்லி இட்ட பெயரே நிலைத்தது.

இவ்வம்மையார், இராபர்ட் கிளைவின் மகனும் 1798 முதல் 1803 வரை சென்னையில் ஆளுநராக இருந்தவருமாகிய எட்வர்டு கிளைவின் மகளார். இக்காலத்தில் இராஜாஜி மண்டபம் என வழங்கும் கட்டடம் அவ்வாளுநர் காலத்தில் எழுந்ததே. 1787-இற் பிறந்த சார்லட், தாயுடனும் தமக்கையுடனும் சென்னைக்கு வந்தார். தாயார் கல்லும் செடியும் தொகுப்பதில் ஆர்வமுடையவர். 1800-ஆம் ஆண்டில் அம்மூவரும் சென்னையினின்றும் புறப்பட்டு மைசூர் நாடு சென்று, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் வழியாகத் திரும்பினர். அப்பொழுது சார்லட் பன்னிரண்டு வயதுச் சிறுமி. பின்னாளில் அவர் இளவரசி விக்டோரியாவைப் பயிற்றும் பொறுப்பையும் ஏற்றார். காவிரிக் கரையைக் கண்ட அச்சிறுமியின் குடிப்பெயரை, அவர் பிறந்திராத, வாழ்ந்திராத காட்டுச் செடி ஒன்று இன்று தாங்கி நிற்கின்றது.

ஈண்டு ஒன்று கூறாதிருத்தல் இயலாது. அச்செடி பெயரின்றி இருந்ததன்று. சூலு மக்கள் அதனை 'உமயிமே' என அழைத்தனர், இன்றும் அழைக்கின்றனர். காய்ச்சலுக்கும் மகப்பேற்றுக்கும் மருந்தாக அவர்களுடைய வைத்தியர்கள் அதனைப் பயன்படுத்தி வந்தனர். நூலேறிய பெயர் ஒரு மாளிகைத் தோட்டத்தில் இடப்பட்டது. செடியோடு வாழ்ந்தவர் இட்ட பெயர் நூலின் ஓரத்தில் நின்றது. சொற்களின் வரலாறு பயிலும் நாம் இவ்விரு பெயரையும் ஒருங்கே நினைவிற் கொள்ளுதல் தகும்.

மினியாட்டா வகை பின்னர் இங்கிலாந்து சேர்ந்தது. 1854-இல் லிண்ட்லி அதனை வேறோர் இனமோ எனக் கருதி எழுதினார். பின்னர் அது கிளைவியா இனத்திற் சேர்க்கப்பட்டது. ஒளி குறைந்த அறைகளிலும் வாடாது நிற்றலின் அந்நாட்டு இல்லங்களில் அது விரும்பி வளர்க்கப்பட்டது. கீழை நாடுகளிலும் பரவிற்று. சீனாவில் இதற்கு வழங்கும் பெயர் 'சான்றோர் மலர்' எனப் பொருள்படும். அந்நாட்டின் சாங்சுன் மாநகர் 1984-இல் இதனை நகர மலராக ஏற்றது. அக்காலத்தில் ஒரு செடிக்கு அங்கே பெரும்பொருள் கொடுத்தோரும் உண்டு. அவ்வேட்கை ஓரிரு ஆண்டுகளில் தணிந்து விலையும் வீழ்ந்தது.

நிலம்

இனி, வளர்க்கும் முறையைக் காண்போம். முதலாவது நிலம். மினியாட்டா தன் காட்டில் பெரிய மரங்களின் கீழே, பல்லாண்டு உதிர்ந்து மக்கிய இலைப்படுகையில் வேரூன்றி நிற்கின்றது. பாறையிடுக்கிலும் வளரும். மேலே கிளைகளின் ஊடே சிதறி விழும் ஒளி. கீழே நீர் தங்காது வடியும் இலைமக்கு. இவ்விரண்டுமே அதன் நிலம். வளர்ப்போன் செய்யத்தக்கது அக்காட்டின் ஒரு சாண் நிலத்தைத் தன் தோட்டத்தில் உண்டாக்குவதே.

யான் முதலில் தவறியது இவ்விடத்திலேயே. செடிக்கு வெயில் நன்று என்னும் பொது எண்ணத்தால், விடுதியின் மொட்டைமாடிச் சுவர்மேல் தொட்டியை வைத்தேன். ஒரு வாரத்தில் இலைகளின் நடுவே வெளுத்த திட்டுகள் தோன்றின. பின்னர் அவை காய்ந்து பழுப்பாயின. வெயிலால் வெந்த கிளைவியா இலை மீண்டும் பச்சையாவதில்லை. ஓரிலை பல ஆண்டுகள் செடியில் நிற்பதாகலின், அத்தழும்பும் அத்தனை காலம் நிற்கும். காலை இளவெயில் சிறிது பட்டாற் குற்றமில்லை. உச்சி வெயிலும் மாலை வெயிலும் படலாகாது. அதற்காக இருளறையில் வைப்பதும் தவறு. புத்தகத்தைக் கண்வருந்தாது படிக்கும் அளவு வெளிச்சம் உள்ள நிழலே இதற்கு ஏற்றது.

தோட்டத்தில் நடுவோர், ஆழ வேரோடும் மரத்தின் அடியைத் தெரிந்துகொள்க. மேலாக வேர் பரப்பும் மரம் உணவையும் நீரையும் பறித்துவிடும். மண்ணில் மக்கிய இலையை மிகுதியாகக் கலந்து, செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விட்டு நடுக. இலைகள் தோன்றும் கழுத்துப் பகுதி மண்ணில் புதையாது மேலே நிற்கவேண்டும், புதைந்தால் அழுகும். நட்டபின் அடியைக் கொத்துதல் ஆகாது. வேர்கள் மேலாகவே ஓடுவன. ஆண்டுதோறும் மக்கிய இலையை மேலே பரப்பி வருதல் போதும். காட்டில் மரங்கள் செய்யும் தொழில் அதுவே.

தொட்டியில் வளர்ப்போர்க்கு மண்தொட்டி சிறந்தது. அதன் சுவர் வழியே ஈரம் உலர்வதாலும், கனமான இலைகளால் செடி சாயாது நிற்பதாலும் என்க. அடியிலுள்ள துளையை ஓட்டாஞ்சில்லால் மூடி, அதன்மேல் கலவையை இடுக. மக்கிய இலை ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நறுக்கிய தேங்காய் மட்டை அல்லது மரப்பட்டைத் துண்டு ஒரு பங்கு, சிறிது கரித்துண்டு எனக் கலந்தால் நீர் விரைந்து வடியும். வெறும் தோட்டமண் தொட்டியில் இறுகிவிடும், அது வேண்டா. மட்டைத் துண்டுகளை ஓரிரு முறை நீரில் ஊறவைத்து அலசிய பின்னரே சேர்க்க.

தொட்டி செடியினும் மிகப் பெரிதாயிருத்தல் நன்றன்று. கிளைவியாவின் வேர்கள் ஒன்றையொன்று நெருங்கித் தொட்டியை நிரப்பிய நிலையிலேயே அது நன்கு பூக்கும். ஆகவே மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினாற் போதும். மாற்றும்போதும் இரண்டு விரல் அகலம் மட்டுமே மிகுந்த தொட்டியைக் கொள்க. பெரிய தொட்டி கொடுப்பது பேரன்பு எனத் தோன்றும். ஆயின், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகலுக்கு இடமாகும்.

நீர் விடுதலில் என் இரண்டாம் தவறு நேர்ந்தது. வெயிலால் வெந்த இலையைக் கண்டு இரங்கி, தாகமே காரணமென எண்ணி, பூவாளி கொண்டு காலையும் மாலையும் நீர் வார்த்தேன். தடித்த வேர் நீரைச் சேமிக்கும் களஞ்சியம் என்பதை அறிந்திலேன். நிறைந்த களஞ்சியத்தில் மேலும் கொட்டினால் உள்ளிருப்பதும் கெடும். ஒரு நாள் செடி தொட்டியில் ஆடிற்று. எடுத்துப் பார்த்தபோது வேர்களிற் பாதி பழுப்பு நிறமாய்க் கூழாகியிருந்தது. அழுகியவற்றைத் தூய கத்தியால் அறுத்து, மூன்று நாள் நிழலில் உலரவிட்டு, புதிய கலவையில் நட்டேன். அதன்பின் விரலை மண்ணிற் செலுத்தி, ஒரு விரற்கணு ஆழம் உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் வார்த்தேன். விட்டால் அடித்துளை வழியே ஒழுகும்வரை விடுதல், விடாதபோது முற்றும் விடாதிருத்தல், இதுவே முறை. இலைகளின் நடுவே நீர் தேங்கவிடலாகாது.

உரம் மிகுதியாக வேண்டுவதில்லை. பூத்து முடிந்தபின், செடி வளரும் மாதங்களில், நன்கு மக்கிய சாண எருவைச் சிறிது மேலே தூவலாம். பனிக்காலத்தில் உரமிடுதல் கூடாது.

பொழுது

நிலத்தை ஒருவாறு அறிந்தேன். வடக்கு நோக்கிய தாழ்வாரத்தில் செடியை வைத்தேன். இரண்டாம் ஆண்டில் அது தேறிற்று. புதிய இலைகள் பளபளப்புடன் எழுந்தன. ஏறத்தாழப் பன்னிரண்டு இலைகள் உள்ள செடியே பூக்கத் தகுதியுடையது என்பர். என் செடி பதினான்கு இலை தாங்கி நின்றது. விடுதி நண்பர்களும் அதனைப் பார்த்துச் செல்வர். பூவோ தோன்றவில்லை.

மாசித் திங்களில் ஒரு நாள் இலைகளின் இடுக்கில் வெளிறிய மொட்டுக்கூட்டம் ஒன்றைக் கண்டேன். கடிதம் எழுதத் தாளும் எடுத்து வைத்தேன். ஆயின் நாட்கள் சென்றும் தண்டு எழவில்லை. வாயில் வரை வந்த விருந்து உள்ளே புகாது நின்றதுபோல, மொட்டுகள் இலையடியிலேயே நெருங்கி, அரைகுறையாக இரண்டு வாய் திறந்து, பின் அழுகின. எழுதாத தாளை மடித்து வைத்தேன்.

அதன் காரணத்தைப் பின்னர்த் தோட்டக்கலை நூல்களிற் கண்டேன். கிளைவியாவிற்கு ஆண்டில் ஒரு காலம் ஓய்வு வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் வரை, குளிர் ஏறத்தாழப் பத்துப் பாகை அளவில் இருக்க, நீரும் மிகக் குறைவாக, உரமின்றி அது நிற்கவேண்டும். அதன் தாயகக் காட்டிற் பெரும்பகுதியில் குளிர்காலம் மழை குறைந்த காலமாகும். அக்குளிரும் வறட்சியும் கழிந்து வெம்மை திரும்பும்போதுதான் பூந்தண்டு நீண்டெழும். குளிர் போதாதாயின் மொட்டு உண்டாயினும் தண்டு நீளாது. இலையிடுக்கிலேயே சிக்கி நிற்கும். கடும் பனி உறைந்தால் செடி கெடும் என்பதும் மறக்கலாகாது. வேண்டுவது குளிர், உறைபனியன்று.

நம் சமவெளி நகர்களில் மார்கழி, தை இரவுகளிலும் வெம்மை பெரும்பாலும் இருபது பாகை அளவில் நிற்கின்றது. யான் கொடுத்த நிழல் மெய்யான நிழலே. கொடுத்த மண்ணும் நன்மண்ணே. பொழுதை மட்டும் என்னாற் கொடுக்க இயலவில்லை. அப்போதுதான் முதற்பொருள் என்பதில் நிலத்தொடு பொழுதையும் ஏன் சேர்த்து வைத்தனர் என்பது எனக்குத் தெளிந்தது. நிலம் மட்டும் அமைந்தால் இலை தழைக்கும். பொழுதும் அமைந்தாலன்றிப் பூ மலராது.

இனத்துக்குள்ளேயே இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 2002-இல் பெயரிடப்பட்ட மிராபிலிஸ் என்னும் வகை, ஏனைய வகைகள் வாழும் கிழக்குக் காடுகளுக்கு நெடுந்தொலைவில், நாட்டின் மேற்குப் புறத்து வறண்ட பாறைச் சரிவில் வாழ்கின்றது. அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். கோடை முழுதும் வறட்சி. நிலமும் பொழுதும் மாறவே, அதன் ஒழுக்கமும் மாறிற்று. ஏனையவை தாங்காத வெயிலையும் அது ஓரளவு தாங்கும். ஆகவே "கிளைவியாவிற்கு இது வேண்டும்" என ஒரே விதி வகுத்தலும் பிழையாம். எந்தக் கிளைவியா, எந்த நிலத்தது எனக் கேட்டறிதல் வேண்டும்.

இனம் பெருக்குதல்

பெருக்கும் வழி இரண்டு. முதலாவது பக்கக்கன்று பிரித்தல். கன்று நான்கைந்து இலையும் தனக்கென வேரும் பெற்றபின், பூக்காலம் முடிந்ததும், கூரிய கத்தியால் பிரிக்கலாம். வெட்டுவாயில் கரித்தூள் தடவி, இரண்டு மூன்று நாள் உலரவிட்டு நடுக. இவ்வாறு பிரித்த கன்று தாயைப் போன்றே பூக்கும்.

மற்றொன்று விதை. பூத்தபின் உண்டாகும் காய் பழுத்துச் சிவக்க ஒன்பது மாதம் அல்லது அதற்கும் மேலாகும். சதையை நீக்கி, விதையை உலரவிடாது உடனே இடவேண்டும். மண்ணிற் புதையாது, மேலே பதியுமாறு அழுத்தினால் போதும். சில வாரங்களில் முளைக்கும். முதற்பூவைக் காண மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். முளையின் அடி செந்நிறமாயின் செம்மஞ்சள் பூவும், முழுப்பச்சையாயின் மஞ்சள் பூவும் பெரும்பாலும் தோன்றும். இவ்வாறு, பூக்குமுன்னரே நிறத்தை ஒருவாறு அறியலாம்.

காவலும் எச்சரிக்கையும்

இலையிடுக்கில் வெண்பஞ்சு போல ஒட்டும் மாவுப்பூச்சியே பெரும்பகை. ஈரத்துணியால் துடைத்தும், சவர்க்காரம் கலந்த நீரைத் தெளித்தும் போக்கலாம். நத்தைகள் பூவிதழைத் தின்னும். இரவில் விளக்கோடு சென்று பொறுக்குதல் எளிய வழி.

இச்செடியின் எல்லாப் பகுதியும் நஞ்சுடையன. லைகோரின் என்னும் பொருள் இதில் உண்டு. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். சிவந்த பழம் சிறுவரைக் கவரும். ஆதலின் குழந்தைகளும், நாயும், ஆடுமாடும் எட்டாத இடத்தில் வைத்தல் கடமை.

காட்டின் நிலை

வளர்ப்போர் பெருகிய இக்காலத்தில், காட்டில் இச்செடி அருகி வருகின்றது. மருந்துக் கடைகளுக்காக வேரோடு பிடுங்குதலும், தோட்டங்களுக்காகத் திருடுதலும், காடழிதலுமே காரணம். தென்னாப்பிரிக்காவில் மினியாட்டா, அழிவுக்கு ஆளாகக்கூடிய செடிகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. விதையிட்டால் ஐந்தாண்டிற்குள் பூக்கும் செடியைக் காட்டினின்றும் பிடுங்கவேண்டிய தேவை தோட்டக்காரனுக்கு இல்லை. வாங்குவோர், வளர்த்த செடிதானா என வினவி வாங்குதலே அக்காட்டிற்கு நாம் செய்யத்தக்க உதவி.

முடிவு

என் செடிக்கு வருவோம். இரண்டாம் ஆண்டுக் கோடையில் அதனைத் துணியிற் சுற்றி, பேருந்தில் மடிமீது வைத்துக் கொடைக்கானலுக்குக் கொண்டுசென்றேன். தோற்றுத் திருப்பிக் கொடுப்பதாகவே என் மனம் நாணிற்று. பெரியம்மா இலைகளைத் தடவிப் பார்த்தார். வெயில் தின்ற பழைய தழும்புகளையும் கண்டார். ஒன்றும் குறை கூறாது, வரிசையின் கடைசியில் மரநிழலில் தொட்டியை வைத்தார். "கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும், தம்பி" என்றார்.

மலையின் குளிர்காலம் வந்தது, சென்றது. இவ்வாண்டு பங்குனியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. யான் அவருக்கு எழுதவேண்டிய கடிதத்தை அவர் எனக்கு எழுதியிருந்தார். தண்டு இலைகளுக்கு மேலே எழுந்துவிட்டதென்றும், பதினோரு பூக்கள் என்றும், எண்ணிப் பார்த்தே எழுதுவதாகவும் அதில் இருந்தது.

மலைநகரங்களில் வாழும் அன்பர்கள் கிளைவியாவை அச்சமின்றி வளர்க்கலாம். கொடைக்கானல், உதகமண்டலம், குன்னூர் போன்ற ஊர்களில் வீட்டு நிழல் வீணாகாது. சமவெளியில் வாழ்வோர் இதனை இலையழகிற்காக வளர்க்கலாம். பூ வேண்டுமெனின், வெம்மை மாறாத காட்டு நிழலுக்குரிய ஸ்பாத்திபில்லம் போன்ற செடியைத் தெரிந்துகொள்வதே நேர்மை. எந்தச் செடியைப் பெற்றாலும், "எங்கே வைப்பது?" என்னும் வினாவோடு, "இதற்கு எப்போது ஓய்வு?" என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்க. முன்னதற்கு விடை தோட்டத்தில் கிடைக்கும்; பின்னதற்கு விடை செடி பிறந்த நாட்டின் பருவத்தை அறிந்தாலன்றிக் கிடையாது.